முந்திரித் தோடும் மணலி எண்ணெயும்

பண்ருட்டியிலிருந்து காடாம்புலியூர் வழியாக வடலூர் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனவர்களுக்கு ஒரு வாடை பழக்கமாகியிருக்கும். கண்ணைக் கரிக்கும், தொண்டையைக் கமறவைக்கும் புகை வாடை. முந்திரித் தோடு எரிகிற வாடை அது. நம் பக்கத்தில் பிறந்தவனுக்கு, ஊர் வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

அந்த வாடையோடு எனக்கு நினைவுக்கு வருவது கைகள். முந்திரி உடைக்கப் போகும் பெண்களின் கைகள். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள். இருந்தாலும் தோட்டிலிருந்து கசியும் பால் போன்ற எண்ணெய் விரலிடுக்கில் இறங்கிவிடும். பட்ட இடம் கொப்பளிக்கும், தோல் உரியும், பிறகு கறுத்துப்போகும். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறக் கூப்பிட்டால் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "நீங்களே போடுங்கக்கா" என்று ஒதுங்கிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பருப்பு மூட்டை கட்டி வெளியூர் போகும். தோடு அடுப்புக்கும் காளவாய்க்கும் போகும். அந்த எண்ணெயைப் பற்றி நாம் நினைத்ததெல்லாம் "கையில் பட்டால் வெந்துவிடும்" என்ற அளவுதான். ஆனால் அதன் நெருங்கிய உறவுக்காரப் பொருள் ஒன்று இல்லாவிட்டால், நம் வீட்டு வாசலில் ஓடும் லாரியின் என்ஜின் நீண்ட நாள் தாங்காது. இந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன். கதை மாட்டுவண்டியில் தொடங்கி, அமெரிக்கா போய், சென்னை மணலிக்கு வந்து, மறுபடி நம் ஊர் முந்திரித் தோப்பில் வந்து நிற்கும்.

வண்டி மையும் கிளீவ்லாந்து எண்ணெயும்

மாட்டுவண்டி வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு வண்டி மசகு தெரிந்திருக்கும். வைக்கோலைக் கருக்கி, அந்தக் கரியை ஆமணக்கு எண்ணெயில் குழைத்து அச்சில் போடுவார்கள். வெறும் எண்ணெய் வழிந்து ஓடிவிடும். கரி சேர்ந்தால் அச்சில் ஒட்டி நிற்கும், தேய்மானம் குறையும், கிறீச்சென்ற சத்தம் அடங்கும். எண்ணெய்க்குள் வேறொன்றைக் கொஞ்சம் சேர்த்தால் எண்ணெயின் குணமே மாறிவிடும் என்பதை நம் வண்டிக்காரர்கள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்காமல் தெரிந்துவைத்திருந்தார்கள்.

1928-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகரத்தில், ஸ்மித் குடும்பத்துச் சகோதரர்களும் நேசன் குடும்பத்துச் சகோதரர்களும் கூடி ஒரு சிறிய கம்பெனி தொடங்கினார்கள். பெயர் கிராஃபைட் ஆயில் புராடக்ட்ஸ். அந்தக் காலத்துக் கார்களின் அடியில் இருந்த வில்பட்டைகள் ஓயாமல் கிறீச்சிடும். எண்ணெயில் கிராஃபைட் என்னும் கரித்தூளைக் கலந்து வில்பட்டைகளுக்குப் போட்டார்கள். சத்தம் நின்றது. அதுதான் அவர்களுடைய முதல் சரக்கு. நம் வண்டி மசகுக்கு அதைத் தம்பி முறை என்று சொல்லலாம்.

அந்தச் சிறிய கம்பெனிதான் பிறகு லூப்ரிசால் ஆயிற்று. இன்று மசகு எண்ணெயில் சேர்க்கும் சேர்மானங்களைச் செய்வதில் உலகின் மிகப் பெரிய கம்பெனிகளுள் ஒன்று. 2011-இல் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவே அதைச் சுமார் 900 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. கரித்தூளில் தொடங்கியவர்களின் கதை அது. அடிட்டிவ் என்று தொழிலில் சொல்லும் பொருளைத்தான் சேர்மானம் என்கிறேன். நாட்டு மருந்துக் கடைக்குப் போய்ப் பழகியவர்களுக்குச் சொல் புதிதாக இருக்காது.

எண்ணெயில் என்னதான் இருக்கிறது?

நாம் வண்டிக்கு வாங்கி ஊற்றும் என்ஜின் ஆயில் முழுக்க எண்ணெய் அல்ல. கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுக்கும் அடிப்படை எண்ணெய் அதில் 80 முதல் 90 சதவீதம் இருக்கும். மீதி சேர்மானம். வேலையில் பெரும்பகுதியை அந்த மீதிதான் பார்க்கிறது.

1930-களுக்கு முன்னால் பெரும்பாலும் சேர்மானமற்ற எண்ணெயைத்தான் ஊற்றினார்கள். கார்களுக்கு ஓரளவு அது போதுமானதாக இருந்தது. டிராக்டர்களுக்குக் கேட்டர்பில்லர் கம்பெனி டீசல் என்ஜின் பொருத்தத் தொடங்கியபோது தொல்லை வந்தது. டீசல் எரிந்து உண்டாகும் கரியும் பிசினும் பிஸ்டன் ரிங்குகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. அப்போது கலிஃபோர்னியா ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி, சோப்பைப் போன்ற உலோக உப்பு ஒன்றை எண்ணெயில் கரைத்துக் கொடுத்தது. அழுக்கு உலோகத்தில் படியாமல் எண்ணெயோடே மிதந்து போயிற்று. எண்ணெய் மாற்றும்போது அழுக்கும் சேர்ந்து வெளியே வந்தது. அதுவரை என்ஜினை வழுக்க மட்டுமே வைத்த எண்ணெய், அன்றுமுதல் துவைக்கவும் தொடங்கியது. அந்தக் கம்பெனிதான் இன்றைய செவ்ரான். அதன் சேர்மானப் பிரிவின் பெயர் ஒரோனைட். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மணலியில் மறுபடி வரும்.

1940-களில் துத்தநாகமும் பாஸ்பரசும் கந்தகமும் சேர்ந்த ஒரு சேர்மானம் வந்தது. உலோகத்தோடு உலோகம் உரசும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் படிந்து, தேய்மானத்தைத் தான் வாங்கிக்கொள்ளும். எண்ணெய் கெட்டுப்போவதையும் தடுக்கும். எண்பது ஆண்டுகள் ஆகியும் அதற்கு முழு மாற்று கிடைத்தபாடில்லை.

மணலிக்கு வந்த கதை

சுதந்திர இந்தியாவில் லாரியும் பேருந்தும் பெருகின. சேர்மானத்துக்கு வெளிநாட்டையே நம்பியிருந்தோம். அந்நியச் செலாவணிக்குப் பஞ்சமான காலம். 1966-இல் இந்திய அரசுத் தரப்பும் அமெரிக்க லூப்ரிசாலும் கூட்டுச் சேர்ந்து லூப்ரிசால் இந்தியாவைத் தொடங்கின. அதன் தொழிற்சாலை மும்பைக்கு அருகே துர்பேயில் அமைந்தது.

தமிழ்நாட்டில் இதற்கு அடித்தளம் போட்டது மெட்ராஸ் ரிஃபைனரீஸ். இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் மூன்றும் சேர்ந்து 1965 டிசம்பரில் தொடங்கிய கம்பெனி. ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறனோடு 1969-இல் மணலி ஆலை ஓடத் தொடங்கியது. 2000-இல்தான் சென்னை பெட்ரோலியம் என்று பெயர் மாறியது. பெட்ரோல், டீசலோடு மசகு எண்ணெய்க்கான அடிப்படை எண்ணெயும் அங்கே எடுத்தார்கள்.

அடிப்படை எண்ணெய் கையில் இருக்கும்போது சேர்மானத்தை மட்டும் ஏன் வெளியில் வாங்க வேண்டும்? 1989-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸும் நான் முன்னே சொன்ன செவ்ரான் குடும்பத்து ஒரோனைட்டும் கூட்டாக இந்தியன் அடிட்டிவ்ஸ் கம்பெனியை மணலியில் தொடங்கின. ஏறத்தாழ அதே காலத்தில் அதே மணலியில் கோத்தாரி பெட்ரோகெமிக்கல்ஸ், பாலிஐசோபியூட்டிலீன் என்ற பிசுபிசுப்பான பொருளைச் செய்யத் தொடங்கியது. எண்ணெயில் கரித்துகள்கள் ஒன்றோடொன்று கூடிக் கட்டியாகாமல் பிரித்துவைக்கும் சேர்மானத்துக்கு அதுதான் மூலப்பொருள். இப்படி ஒருவர் வாசலில் வெளிவருவது அடுத்தவர் வாசலில் உள்ளே போகிறது. வேதித்தொழில் வளர்வது இப்படித்தான். தனி மரமாக நிற்காது, தோப்பாகத்தான் நிற்கும்.

தலையும் வாலும்

நான் பள்ளியில் வேதியியல் நடத்தியவன். கொஞ்சம் பாடம் நடத்தாமல் விட மாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயில் இருந்து துவைக்கிற சேர்மானத்தின் ஒரு மூலக்கூறுக்கு ஒரு தலையும் ஒரு வாலும் வேண்டும். வால் நீளமான கரிமச் சங்கிலி. அது எண்ணெய்க்குப் பங்காளி, எண்ணெயில் கரையும். தலை வேறு குணம். அது அழுக்கையும் அமிலத்தையும் உலோகத்தையும் பிடிக்கும். துணி சோப்பும் இதே அமைப்புத்தான்.

இந்த வகையில் பழைய சேர்மானம் ஒன்றுக்குக் கால்சியம் ஃபீனேட் என்று பெயர். ஃபீனால் என்ற பொருளைத் தலையாக எடுத்து, பெட்ரோலியத்திலிருந்து எடுத்த 12 கரிம அணுக்கள் கொண்ட வாலைத் தொழிற்சாலையில் ஒட்டவைப்பார்கள். அதோடு கந்தகத்தையும் சுண்ணாம்பையும் சேர்த்து வேகவைப்பார்கள். வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்புதான். டீசலிலுள்ள கந்தகம் எரிந்து அமிலமாகும்போது இந்தச் சுண்ணாம்பு அதை அடக்கிவிடும். நெஞ்சு கரித்தால் நாம் ஜெலுசில் குடிப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நம் முந்திரிக்கு வருகிறேன். தோட்டு எண்ணெயில் அதிகம் இருப்பது அனகார்டிக் அமிலம். கையைக் கொப்பளிக்க வைப்பதில் முதல் குற்றவாளி அதுதான், கூட்டாளி கார்டால் என்ற பொருள். வண்ணார் துணியில் குறிபோடும் சேங்கொட்டையும் முந்திரியின் குடும்பமே. மாவும் அதே குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு உதட்டில் புண் வருவதும் இந்த உறவால்தான். அனகார்டிக் அமிலத்தைச் சூடாக்கினால் கரியமில வாயு வெளியேறி, கார்டனால் என்ற பொருள் மிஞ்சும்.

அந்தக் கார்டனாலின் உருவத்தைக் கரும்பலகையில் வரைந்தால் எவருக்கும் வியப்பு வரும். தலை ஃபீனால். வால் 15 கரிம அணுக்கள் கொண்ட சங்கிலி. தொழிற்சாலையில் பெட்ரோலியத்தை உடைத்து, வாயுவை அழுத்தி, வினையூக்கி போட்டுத் தலையையும் வாலையும் ஒட்டவைக்கிறார்களே, அந்த வேலையை நம் செம்மண் காட்டில், மழையை மட்டும் நம்பி நிற்கும் முந்திரி மரம் தானே முடித்துக் கொடுத்துவிடுகிறது.

தோட்டின் மதிப்பைக் கண்டவர்கள்

இதை முதலில் தொழிலாக்கியவர்கள் நாமல்ல. முந்திரியைப் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர், 16-ஆம் நூற்றாண்டில். எண்ணெயைப் படகுக்கும் வலைக்கும் பூசும் வழக்கம் நம் கடற்கரைகளில் இருந்தது. உப்புத்தண்ணீரில் மரம் இற்றுப்போகாது, பூச்சி அரிக்காது. 1920-களில் கொல்லத்திலிருந்து பருப்பு அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோது, பின்னாலேயே எண்ணெயும் போயிற்று. கொல்லத்து ஆலைகளில் கொட்டையைக் கொதிக்கும் முந்திரி எண்ணெயிலேயே முக்கி வறுக்கும் முறை வந்ததால், எண்ணெய் வீணாகாமல் சேர்ந்தது.

அங்கே மார்டிமர் ஹார்வி என்ற வேதியியலாளர் அந்த எண்ணெயை ஆராய்ந்தார். அதைக் கெட்டிப்படுத்தி அரைத்துத் தூளாக்கினால், பிரேக் லைனிங்கில் சேர்க்க அருமையான பொருள் என்று கண்டார். எவ்வளவு சூடு ஏறினாலும் பிடிமானம் சட்டென்று விட்டுப்போகாது. நியூஜெர்சி மாநிலத்து இர்விங்டன் ஊரின் வார்னிஷ் கம்பெனி அதைச் செய்து விற்றது. இரண்டாம் உலகப் போரின்போது முந்திரி எண்ணெய் அமெரிக்க அரசின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இடம்பெறும் அளவுக்கு முக்கியப் பொருளாயிற்று. அந்த வழியில் வந்த கார்டோலைட் கம்பெனி இன்று மங்களூரில் தொழிற்சாலை வைத்திருக்கிறது. கார்டனாலிலிருந்து செய்யும் ஒரு பொருள் கப்பல் பெயின்ட்டை ஈரத்திலும் குளிரிலும் காயவைக்கும். நம் மீனவர்கள் தோணிக்குப் பூசியதன் நாகரிக வடிவம் அது என்பேன்.

மசகு எண்ணெய்ப் பக்கத்திலும் முயற்சி நடந்தது. ஃபரிதாபாதிலுள்ள இந்தியன் ஆயில் ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகள் முந்திரித் தோட்டு எண்ணெயிலிருந்து கால்சியம் ஃபீனேட் சேர்மானம் செய்யும் முறையைக் கண்டுபிடித்தார்கள். 1990-களின் இறுதியில் அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கினார்கள்.

ஒரே தோடு. அதன் எண்ணெய் பிரேக்கில் சேர்ந்தால் வண்டியை நிறுத்தும். என்ஜின் ஆயிலில் சேர்ந்தால் வண்டியை ஓட்டும். இப்படி இரண்டு பக்கமும் வேலை செய்கிற பொருள் அதிகம் கிடையாது.

நாம் ஏன் அடுப்போடு நின்றோம்?

80 கிலோ மூட்டைக் கொட்டையை உடைத்தால் பருப்பு 20 கிலோவுக்குக் கொஞ்சம் கூடத் தேறும். ஐம்பது கிலோவுக்கு மேல் தோடுதான். பண்ருட்டி வட்டாரத்தில் கொட்டை உடைப்பது பெரும்பாலும் சிறு ஆலைகளிலும் வீட்டு வாசல்களிலும் சிதறிக் கிடந்த தொழில். வெயிலில் காய்ந்தது ஒன்று, வறுத்தது ஒன்று, அவித்தது ஒன்று என்று தோடும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சேர்மானத் தொழிற்சாலைக்கோ இன்று வந்த எண்ணெயைப் போலவே நாளையும், அடுத்த வருஷமும் வர வேண்டும். என்ஜினுக்குள் போகும் பொருளில் "கொஞ்சம் முன்னப்பின்ன" என்ற பேச்சுக்கு இடமில்லை.

இயற்கையான சிக்கலும் ஒன்று உண்டு. கார்டனாலின் வாலில் இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. அதிகச் சூட்டில் அவை ஒன்றோடொன்று கோத்துப் பிசினாகிவிடும். ஹைட்ரஜன் செலுத்திச் சரிசெய்யலாம், ஆனால் அதற்குச் செலவு. பெட்ரோலியச் சரக்கு மலிவாகக் கிடைத்த காலத்தில் முந்திரிப் பக்கம் திரும்பிப் பார்க்கப் பெரிய காரணம் இருக்கவில்லை.

நம்முடைய கவனமும் பருப்பின் மேலேயே இருந்தது. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. ரகங்களைக் கொடுத்து விளைச்சலைக் கூட்டியது, பெரிய உபகாரம். ஆனால் தோட்டை வைத்து என்ன செய்யலாம் என்று கேட்க நம் வட்டாரத்தில் ஒரு சிறிய ஆய்வுக்கூடம்கூட அமையவில்லை. ஆட்டியெடுத்த எண்ணெய் டிரம்மில் ஏறி வெளியூர் போகும். அதைப் பிரித்துச் சுத்தம் செய்கிறவன் எடுக்கும் காசு அந்த ஊரில் தங்கும்.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் அடித்தபோது நம் முந்திரித் தோப்புகள் கிடந்த கிடையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பாட்டன் காலத்து மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. புதுக்கன்று காய்க்கும்வரை காத்திருக்க முடியாமல் பிழைப்புத் தேடி வெளியூர் போனவர்கள் எத்தனையோ பேர். பருப்பு ஒன்றையே நம்பி நிற்கும் ஊருக்கு ஒரே இரவில் என்ன ஆகும் என்பதை அன்று கண்டோம். அதற்கு முன்பே ஆப்பிரிக்கக் கொட்டை தூத்துக்குடித் துறைமுகம் வழியாக இங்கே வரத் தொடங்கியிருந்தது. மரம் அங்கே நின்றாலும் தோடு இங்கே சேர்கிறது. ஆக, விளைச்சல் குறைந்த வருஷத்திலும் தோட்டுக்குப் பஞ்சமில்லை.

இப்போது ஒரு வாசல் திறந்திருக்கிறது

பெட்ரோலியத்திலிருந்து செய்யும் அந்த 12 கரிம வால் ஃபீனால், பிள்ளைப்பேற்று நலனுக்குக் கேடு செய்யும் பொருள் என்று ஐரோப்பிய ஒன்றியம் பட்டியலிட்டிருக்கிறது. சேர்மானம் செய்பவர்கள் மாற்றுத் தேடுகிறார்கள். தேடுகிற மாற்றுகளில் கார்டனாலும் ஒன்று. மலிவு என்பதற்காக ஒதுக்கப்பட்டது, பாதுகாப்பு என்பதற்காக மறுபடி கூப்பிடப்படுகிறது.

இதைச் சொல்லும்போது நம் மாவட்டத்துக்காரர்கள் உடனே கேட்பது எனக்குக் காதில் விழுகிறது: "ஐயா, இன்னொரு கெமிக்கல் கம்பெனியா?" நியாயமான கேள்வி. கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் காற்றுக்காகவும் நிலத்தடி நீருக்காகவும் எத்தனை ஆண்டுகள் போராடினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கார்டனால் மரத்திலிருந்து வருகிறது என்பதால் மட்டும் அந்தத் தொழில் தானாகச் சுத்தமாகிவிடாது. தோட்டு எண்ணெயைக் காய்ச்சும் இடத்தில் புகையை அடக்காவிட்டால், கழிவை முறையாகப் பார்க்காவிட்டால், அதுவும் இன்னொரு தொல்லைதான். ஆனால் தோட்டை அப்படியே அடுப்பில் போட்டு எரிக்கும் புகையை நாம் இப்போதும்தானே சுவாசிக்கிறோம்? எரிப்பதற்கு முன்னால் எண்ணெயை எடுத்துவிட்டால் அந்தப் புகையின் கடுமையும் குறையும்.

மணலி அளவுக்குப் பெரிய ஆலை காடாம்புலியூரில் வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தோட்டைத் தரம் பிரித்து வாங்கும் ஒரு கூட்டுறவு, எண்ணெயைச் சோதித்துப் பார்க்க ஓர் ஆய்வுக்கூடம், கார்டனாலைப் பிரித்தெடுக்கும் நடுத்தர ஆலை ஒன்று. இவ்வளவு இருந்தாலே டிரம்மில் போகும் சரக்கின் விலை வேறாகிவிடும். கிளீவ்லாந்தில் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் எண்ணெயில் கரித்தூள் கலந்துதானே தொடங்கினார்கள்?

போன மாதம் எங்கள் தெருவில் லாரி ஒன்றுக்கு என்ஜின் ஆயில் மாற்றிக்கொண்டிருந்தார்கள். கன்னங்கரேலென்று வடிந்தது. மெக்கானிக் பையன், "எண்ணெய் கறுத்தா நல்லது சார், அழுக்கை எடுத்துருக்குன்னு அர்த்தம்" என்றான். சரியாகச் சொன்னான். எனக்கு அந்தப் பெண்களின் விரல்கள் நினைவுக்கு வந்தன. அந்தக் கறுப்பும் உழைத்த கறுப்புத்தான். அதைக் கையுறைக்குள் பாதுகாத்து, தோட்டின் மதிப்பில் ஒரு பங்கை அவர்களுக்கும் சேர்க்கும் நாள் வந்தால், பந்தியில் கையை மறைக்க வேண்டிய அவசியம் அவர்களின் பேத்திகளுக்கு இருக்காது.